மோதலுக்கு முன்னும் பின்னும்: இளம் இயற்பியல் ஆசிரியருக்கு ஒரு கடிதம்



உந்தம் என்னும் பாடத்தை முதன்முறையாக எடுக்க வரும் ஆசிரியர், நிறையைத் திசைவேகத்தால் பெருக்கினால் உந்தம் கிடைக்கும் என்று கரும்பலகையில் எழுதிய கையோடு கணக்குகளுக்குத் தாவிவிடுவது இயல்பே. எனினும், அச்சூத்திரத்தில் இருப்பது வெறும் வேகமன்று, திசையோடு கூடிய வேகம் என்பதை ஒரு முழு வகுப்பு நேரம் செலவிட்டு மாணவர் மனத்தில் ஊன்றிய பிறகே மோதலுக்குள் நுழைவது நலம்.

திசையை மறந்த மாணவரைக் கடிந்துகொள்வதற்கு முன், அப்பிழை எத்தகையோரிடம் நேர்ந்தது என்பதை நினைவில் கொள்ளலாம். பிரெஞ்சு அறிஞர் ரெனே தெகார்த் 1644-இல் வெளியிட்ட மெய்யியல் நூலில், பொருளின் பருமனையும் வேகத்தையும் பெருக்கி அதை இயக்கத்தின் அளவாகக் கொண்டு, உலகில் அதன் மொத்தம் மாறுவதில்லை என்றார்; திசை அக்கணக்கில் இடம்பெறவில்லை. ஓய்விலுள்ள பெரிய பொருளை அதனினும் சிறிய பொருள் எவ்வளவு விரைந்து வந்து மோதினாலும் அசைக்க இயலாது என்றும் அவர் விதி வகுத்தார். டச்சு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1650-களில் இதை மறுத்தார்: சீராகச் செல்லும் படகில் நிகழும் மோதலைப் படகில் இருப்பவரும் கரையில் நிற்பவரும் ஒருங்கே காண்பதாகக் கொண்டு, எத்துணைப் பெரிய பொருளும் சிறியதன் மோதலால் அசையும் என்று அவர் நிறுவினார். லண்டன் ராயல் சொசைட்டி கேட்டுக்கொண்டதற்கிணங்க 1668, 1669 ஆம் ஆண்டுகளில் ஆங்கிலேய அறிஞர்களான வாலிஸ், ரென் இருவரும் ஹைகன்ஸும் மோதல் விதிகளை எழுதியனுப்பினர். எதிர்த்திசை இயக்கத்தைக் கழித்தால்தான் மொத்தம் மாறாதிருக்கும் என்பது அப்போது தெளிவாயிற்று. தெகார்த்தே சறுக்கிய இடம் என்றால், பதினாறு வயதில் அங்கே தடுமாறுவது குற்றமாகாது.

கணத்தாக்கு, அதாவது விசையையும் அது செயல்படும் நேரத்தையும் பெருக்கக் கிடைக்கும் அளவு, உந்தத்தில் ஏற்படும் மாற்றத்துக்குச் சமம். 0.16 கிலோகிராம் நிறையுள்ள கிரிக்கெட் பந்து நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் வந்து கையில் நின்றுவிட்டால் அம்மாற்றம் 4.8 நியூட்டன் நொடி; மட்டையில் பட்டு அதே வேகத்தில் திரும்பிச் சென்றால் 9.6. வேகம் மாறவில்லையே என்று கருதிச் சுழியம் என எழுதும் மாணவர், தெகார்த்தின் வழியிலேயே நிற்கிறார்.

இதனினும் ஆழமான குழப்பம் ஆற்றலைப் பற்றியது. இங்கேதான் ஆசிரியர் நிதானிக்க வேண்டும். புறவிசை குறுக்கிடாதவரை எல்லா மோதல்களிலும் மொத்த உந்தம் மாறாது. மொத்த இயக்க ஆற்றல் மாறாதிருப்பது மீட்சி மோதலில் மட்டுமே. இவ்வேறுபாட்டை விளக்க, ஆங்கிலேயக் கணிதவியலர் பெஞ்சமின் ராபின்ஸ் 1742-இல் பீரங்கி பற்றிய தம் நூலில் விவரித்த ஊசலைவிடச் சிறந்த கருவி இல்லை. குண்டு, தொங்கும் மரக்கட்டையில் பாய்ந்து பதிகிறது. கட்டை ஊசலாடி எழும் அளவிலிருந்து குண்டின் வேகம் கணிக்கப்படுகிறது. 10 கிராம் குண்டு நொடிக்கு 400 மீட்டர் வேகத்தில் வந்து 1990 கிராம் கட்டையில் பதிவதாகக் கொள்வோம். உந்தம் மாறாது என்பதால் இரண்டும் சேர்ந்து நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் நகரத் தொடங்கி, ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயரும். குண்டின் 800 ஜூல் இயக்க ஆற்றலில் எஞ்சுவது 4 ஜூல் மட்டுமே; மற்றவை வெப்பமாகவும் மரத்தைச் சிதைக்கும் வேலையாகவும் போய்விடுகின்றன. தொடக்கம் முதல் இறுதிவரை ஆற்றல் சமன்பாட்டையே நம்பும் மாணவருக்கோ கட்டை 40 மீட்டருக்கு மேல் எழ வேண்டும் என்று விடை வரும்.

ஒரே நிகழ்வில் இரு கட்டங்கள் உள்ளன என்பதே இக்கணக்கின் சாரம். குண்டு பதியும் சிறு நேரத்தில் புவியீர்ப்பின் கணத்தாக்கு புறக்கணிக்கத்தக்கது என்பதால் உந்தம் மாறாதிருக்கிறது; பின்னர் கட்டை எழும்போது கயிறும் புவியீர்ப்பும் செயல்படுவதால் உந்தம் மாறுகிறது, இயந்திர ஆற்றல் மாறாதிருக்கிறது. எவ்விதி எக்கட்டத்துக்கு உரியது என்று கேட்காமல் சூத்திரப் பட்டியலை மட்டும் மனப்பாடம் செய்விப்பது தேர்வுக்குக்கூட நெடுநாள் உதவாது.

ஆகவே இக்கணக்கை வகுப்பில் கொடுக்கும் ஆசிரியர் சரியான வழியை முதலிலேயே சொல்லிவிடாமல், மாணவர்கள் தாமாகவே 40 மீட்டர் விடைக்கு வந்து, அது ஏன் நடவாது என்று தமக்குள் வாதிட ஒரு பாடவேளையை ஒதுக்க வேண்டும்.