ரங்கநாதன் தெருவைத் துரத்தாதீர்கள்

நம்பிக்கை: பெரிய கடைகளை ஊருக்கு வெளியே தள்ளிவிட்டால் தியாகராய நகர் நெரிசல் தீரும்.

உண்மை: தீராது. தீபாவளி நெருங்கினால் போதும், யாராவது இந்தப் பேச்சை எடுத்துவிடுகிறார்கள். “1996இல் கொத்தவால் சாவடி காய்கறிச் சந்தையைக் கோயம்பேட்டுக்கு மாற்றவில்லையா?” என்று ஆதாரம் வேறு. ஐயா, அது மொத்த வியாபாரம். லாரியில் வந்து லாரியில் போகிற சரக்குக்கு நெடுஞ்சாலை ஓரம் பொருத்தம்தான். முகூர்த்தப் புடவை எடுக்கிற குடும்பம் லாரியிலா வருகிறது? மாம்பலத்தில் மின்சார ரயிலை விட்டு இறங்கினால் ரங்கநாதன் தெரு. பஸ் நிலையத்துக்கு 2023 முதல் ஆகாய நடைபாதையே இருக்கிறது. செங்கல்பட்டுக்காரர் ரயிலில் வந்து கட்டைப்பையோடு ரயிலிலேயே திரும்பலாம். அதே கடையை வெளிவட்டச் சாலையில் வையுங்கள். அத்தனை பேரும் வண்டி எடுத்தாக வேண்டும்.

இங்கிலாந்து பட்டுத் திருந்திய விஷயம் இது. 1980களில் ஊருக்கு வெளியே பேரங்காடிகளைத் தாராளமாக அனுமதித்தார்கள். உள்ளூர்க் கடைத்தெருக்கள் ஈயோட்டத் தொடங்கின. 1996இல் விதியை இறுக்கினார்கள்: முதலில் நகர மையத்தில் இடம் தேடு, இல்லாவிட்டால் அதன் ஓரத்தில், அதன் பிறகுதான் வெளியே.

தி. நகரின் நோய் கட்டடங்களில் இருக்கிறது. அனுமதிக்கு மேல் எழுப்பிய மாடிகள், விடாத பக்கவெளி, தீயணைப்பு வண்டி நுழைய முடியாத சந்து. 2011இல் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) இப்படிப்பட்ட கட்டடங்களுக்குச் சீல் வைத்தது, அடுத்த ஜனவரியிலேயே உச்ச நீதிமன்ற உத்தரவில் தற்காலிகமாகத் திறந்தாயிற்று. 2017 மே 31 அன்று உஸ்மான் சாலையில் ஒரு ஜவுளிக்கடை எரிந்து, கட்டடத்தையே இடிக்க வேண்டியதாயிற்று. நாம் என்ன செய்தோம்? 1998இலேயே நகரமைப்புச் சட்டத்தில் 113-ஏ பிரிவைச் சேர்த்து, விதிமீறலுக்குப் பணம் கட்டினால் போதும் என்று வழி காட்டியவர்கள்தானே! அனுமதி கேட்டு வருகிறவரிடம் இரண்டு கேள்வி போதும்: ரயிலை விட்டு இறங்கி நடந்து வரலாமா? தீயணைப்பு வண்டி கட்டடத்தைச் சுற்றி வருமா?

நம்பிக்கை: பெரிய கடை வந்தால் சின்னக் கடை செத்தது.

உண்மை: ரங்கநாதன் தெருவில் ஹேர்பின் விற்பவரைக் கேளுங்கள். அவருக்குக் கூட்டம் சேர்த்துக் கொடுப்பதே பெரிய கடைதான்.

நம்பிக்கை: அடுக்குமாடிப் பார்க்கிங் கட்டினால் சரியாகிவிடும்.

உண்மை: பார்க்கிங் இன்னும் நாலு காரை வரவழைக்கும். 2019இல் தி. நகரின் பாண்டி பஜாரில் நடைபாதையை அகலமாக்கினார்கள். இன்று அங்கே குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க முடிகிறது. புரசைவாக்கம் நெடுஞ்சாலையும் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடும் என்ன பாவம் செய்தன? அங்கேயும் அதே அகலத்துக்கு நடைபாதை போட்டுவிட்டு, அப்புறம் பார்க்கிங் பற்றிப் பேச வாருங்கள்.