தேய்வும் மறைவும்: இளம் மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

தமிழிலிருந்து ஆங்கிலத்திற்கு மொழிபெயர்க்கத் தொடங்கும் இளைஞருக்கு, குறைவையும் மறைவையும் சுட்டும் ஆங்கில வினைகள் யாவும் ஒன்றே போலத் தோன்றுவது இயல்பு. ஒன்றற்குப் பொருளாக மற்றொன்றையே அகராதிகள் தருவதால் அம்மயக்கம் மேலும் வலுப்படுகிறது. ஆயினும், குறைந்தது எது, எவ்வளவு விரைவில் குறைந்தது, மீள வழியுண்டா, அதனைச் செய்தவர் உண்டா என்பவற்றுள் ஏதேனும் ஒன்றை ஒவ்வொரு வினையும் சொல்லாமற் சொல்லிவிடுகிறது. ஆகவே இங்குச் சொல்தேர்வு நடையழகைப் பற்றியதன்று, செய்தியின் உண்மையைப் பற்றியது.

'டிக்ளைன்' என்பது எண்ணிக்கை, தரம், உடல்நலம் என எது இறங்குமுகமானாலும் பொருந்தும் பொதுச்சொல். 'வேன்' தேய்பிறைக்கு உரிய சொல்லாதலால் செல்வாக்கு, ஆர்வம் முதலியவற்றின் தளர்ச்சிக்கு ஏற்றது. 'டுவிண்டில்' சிறிது சிறிதாகக் கரைந்து சொற்பமே எஞ்சுவதைக் காட்டும். 'வானிஷ்' சுவடின்றி, பெரும்பாலும் திடீரென, காரணம் விளங்காத வகையில் மறைவதைக் காட்டும்.

இவ்வேறுபாட்டின் எடையை இந்தியப் பாறுக் கழுகுகளின் கதையில் தெளிவாகக் காணலாம். 1990களில் தொடங்கிய வீழ்ச்சியில் வெண்முதுகுப் பாறுகளுள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேற்பட்டவை அழிந்தன. பதினைந்து ஆண்டுகளுக்குள் நேர்ந்த அச்சரிவிற்கு 'டுவிண்டில்' மிக மென்மையான சொல்லாதலால், இடிந்து சரிதலைக் குறிக்கும் 'கொலாப்ஸ்' என்பதே தகும். கால்நடைகளுக்குச் செலுத்தப்பட்ட டைக்ளோஃபினாக் என்னும் வலிநீக்கி மருந்து, அவற்றின் பிணத்தை உண்ட பறவைகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்கிறது என்பது 2004இல் நிறுவப்பட்டு, கால்நடைப் பயன்பாட்டிற்கான அம்மருந்து 2006இல் இந்தியாவில் தடைசெய்யப்பட்ட பின்னர், 'வானிஷ்' என்று எழுதுவது தெரிந்த காரணத்தை மறைப்பதாகிவிடும். நீலகிரியின் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் பாறுகள் இன்றும் கூடு கட்டுவதால், 'அற்றுப்போயின' என்பதற்குரிய 'எக்ஸ்டிங்க்ட்' என்னும் சொல்லும் பிழையே. 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி விலங்குக்காட்சிசாலையில் மார்த்தா என்னும் கடைசிப் பறவை இறந்ததோடு முடிந்துபோன அமெரிக்கப் பயணிப் புறாவுக்கே அது உரியது.

எல்லாவற்றினும் மிகுந்த கவனம் வேண்டுவது 'டிஸப்பியர்'. இலக்கண நூல்கள் இதனைச் செயப்படுபொருள் குன்றிய வினை, அதாவது மறைபவரை மட்டும் கூறி மறைத்தவருக்கு இடம் தராத வினை, என்றே வகுத்தன. ஜோசப் ஹெல்லர் 1961இல் வெளிவந்த 'கேட்ச்-22' புதினத்தில் ஒருவரை மற்றவர் மறையச் செய்வதாக அதனை ஆண்டார். 1976 முதல் 1983 வரை அர்ஜென்டினாவை ஆண்ட இராணுவம் பல்லாயிரவரைக் கடத்திச் சென்று தடயமின்றி ஆக்கிய பின்னர், அப்பயன்பாடு ஆங்கிலத்தில் வேரூன்றியது. தமிழிலும் இதே பிரிவு உண்டு. 'காணாமல் போனோர்' என்றால் செய்தவர் இல்லை. 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்றால் உண்டு. 2017 பிப்ரவரியில் இலங்கையின் கிளிநொச்சியில் தம் பிள்ளைகளைத் தேடித் தொடர் போராட்டத்தில் அமர்ந்த தாய்மார் கையாண்டது பிந்தைய சொல்லையே. தம் பிள்ளைகள் வழிதவறிப் போகவில்லை, கொண்டுசெல்லப்பட்டனர் என்னும் முறைப்பாடு முழுவதும் அந்த 'ஆக்கப்பட்ட' என்னும் உறுப்பில்தான் நிற்கிறது. அதனை ஆங்கிலத்தில் 'மிஸ்ஸிங்' என்று பெயர்க்கும்போது, தாய்மார் கூறிய குற்றச்சாட்டு மொழிபெயர்ப்பாளரின் கையாலேயே அழிக்கப்படுகிறது.

ஐ.நா. பொதுச்சபை 2006இல் ஏற்ற உடன்படிக்கையே 'என்ஃபோர்ஸ்ட் டிஸப்பியரன்ஸ்', அதாவது வலிந்து காணாமலாக்கல், என்னும் தொடரைத் தலைப்பில் கொண்டிருக்கிறது. எனவே அத்தாய்மாரின் மனு ஒன்று தம்பியின் மேசைக்கு வரும் நாளில், பதிப்பாசிரியர் இலக்கணம் கூறித் திருத்த முற்பட்டாலும், 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்பதற்கு 'டிஸப்பியர்ட்' என்றே எழுதி, அச்சொல்லை விட்டுக்கொடாமல் காக்க வேண்டும்.