ஆள் டுபாயில்தானா?

கேள்வி: சேர், என் தங்கச்சிக்கு ஆறேழு மாதமாக வட்ஸ்அப்பில் ஒருவரோடு பேச்சு. சொந்த ஊர் மருதமுனை, வேலை டுபாயில் என்கிறார். நம்பரும் +971தான். கலியாணம் பேச ஆள் அனுப்புகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார், யாரும் வந்தபாடில்லை. போன மாதம் விசா தண்டப்பணம் கட்ட வேண்டும் என்று எண்பத்தையாயிரம் கேட்டார். தங்கச்சியும் அவர் கொடுத்த இலங்கை வங்கிக் கணக்கு ஒன்றில் போட்டுவிட்டாள். வீடியோ கோல் கேட்டால் ‘இங்கே அது தடை’ என்கிறார். ஐ.பி. அட்ரஸ் கிடைத்தால் ஆள் இருக்கும் வீடே மெப்பில் விழும் என்று யூடியூபில் பார்த்தேன். காசு கட்டினால் எடுத்துத் தரும் ஆப்பும் இருக்கிறதாம். வாப்பாவுக்கு இன்னும் தெரியாது. என்ன செய்யலாம்?
– சகோதரர் ஒருவர், மாவடிப்பள்ளி

பதில்: தம்பி, முதலில் உங்கள் போனிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில், ஐ.பி. முகவரியை வைத்து இடம் காட்டும் ஏதாவதொரு தளத்தைத் திறவுங்கள். நீங்கள் இருப்பது மாவடிப்பள்ளியில். அது பெரும்பாலும் கொழும்பு என்றுதான் சொல்லும்.

ஐ.பி. முகவரி ஆளுக்கோ வீட்டுக்கோ உரியதல்ல. டயலொக், மொபிடெல் போன்ற கம்பனிகள் மொத்தமாக வைத்திருந்து, இணைப்புக்கு வருகிறவருக்கு அந்த நேரத்துக்கு மட்டும் கொடுக்கின்றன. பழைய முறை முகவரிகள் உலகம் முழுவதற்கும் சுமார் 430 கோடிதான். நம் ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கான கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே ஏறத்தாழத் தீர்ந்துவிட்டது. அதனால் ஒரே முகவரியின் பின்னால் ஒரே நேரத்தில் பல பேருடைய போன்கள் நிற்கின்றன. மெப்பில் விழும் புள்ளி, அந்த முகவரியை எந்தக் கம்பனி எந்தப் பக்கம் பாவிக்கிறது என்று யாரோ தொகுத்துவைத்த ஊகம்.

அந்த ஊகத்தை நம்பியவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு கதை உண்டு. கன்சாஸ் மாநிலத்தில் பொட்வின் என்ற சிற்றூருக்கு அருகே ஒரு பண்ணை வீடு. மெக்ஸ்மைண்ட் என்ற நிறுவனம், ‘அமெரிக்கா’ என்பதற்கு மேல் இடம் தெரியாத முகவரிகளுக்கெல்லாம் நாட்டின் நடுப்பகுதியில் ஒரு புள்ளியைக் குறித்து வைத்தது. அட்சக்கோட்டையும் தீர்க்கக்கோட்டையும் முழு எண்ணாக்கியதில் அந்தப் புள்ளி இந்த வீட்டின் மேல் விழுந்துவிட்டது. 60 கோடிக்கும் மேற்பட்ட முகவரிகள் அந்த ஒரு வீட்டைக் காட்டின. திருட்டுக் கணினி தேடியும், மோசடிக்காரரைத் தேடியும், காணாமல்போனவரைத் தேடியும் பொலிஸ் முதல் எஃப்.பி.ஐ. வரை வந்து கதவைத் தட்டினார்கள். உள்ளே இருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. 2016இல் ஒரு பத்திரிகையாளர் துருவியபிறகுதான் காரணம் வெளியே வந்தது, நிறுவனம் புள்ளியை நகர்த்தி ஓர் ஏரிக்குள் போட்டது. குடியிருந்தவர்கள் வழக்கும் போட்டார்கள். நாளைக்கு அந்த ஆப் மருதமுனையில் ஒரு வீட்டைக் காட்டி, நீங்கள் நாலு மச்சான்மாரோடு போய் நின்றால், உள்ளேயிருந்து வருவது யாரோ ஒரு பாவம் மனிதராக இருக்கலாம்.

இனி உங்கள் விஷயம். வட்ஸ்அப் செய்திகள் நேரே அவருடைய போனிலிருந்து வருவதில்லை, நிறுவனத்தின் சேர்வர் வழியாகத்தான் வருகின்றன. ஆகவே சாட்டிலிருந்து அவருடைய முகவரியை எடுக்க வழியில்லை. கோல் மட்டும் சில வேளை இரு போன்களுக்கிடையே நேரடியாக ஓடும். அதையும் மறைக்கும் வசதியை 2023 நவம்பரில் வட்ஸ்அப் கொடுத்துவிட்டது. லிங்க் அனுப்பி அவரைத் தட்டவைத்து முகவரி பிடிக்கும் தந்திரம் ஒன்று இருக்கிறது. அப்படிப் பிடித்தாலும் அது எதைச் சொல்லும்? டுபாயில் வட்ஸ்அப் கோல் வெகுகாலமாக முடக்கத்தில் இருப்பதால், அங்கே நேர்மையாக உழைக்கிறவர்களில், இணைப்பை வேறொரு நாட்டு சேர்வர் வழியாகத் திருப்பிவிடும் வி.பி.என். போட்டுப் பேசுகிறவர்கள் நிறையப் பேர். அவர்களின் முகவரி நெதர்லாந்தையோ சிங்கப்பூரையோ காட்டும். ஏமாற்றுக்காரன் கொழும்பில் இருந்துகொண்டே டுபாய் சேர்வரைத் தெரிவுசெய்தால் டுபாய் என்று காட்டும். நல்லவரைக் கள்ளனாக்கி, கள்ளனை நல்லவராக்கும் சாட்சி அது. வி.பி.என். பாவிக்கப் பெரிய படிப்பும் வேண்டாம். 2018 மார்ச்சில் திகன கலவரத்தின்போது பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் முடக்கிய நாட்களில் நம் பக்கத்துப் பிள்ளைகளும் அதைப் பழகிக்கொண்டார்கள்.

+971 நம்பரும் அப்படித்தான். வட்ஸ்அப் அனுப்பும் குறியீடு அந்த நம்பருக்கு ஒருமுறை வந்து பதிந்துவிட்டால் அந்தப் போனை எந்த நாட்டுக்கும் கொண்டுபோகலாம்.

‘வீடியோ கோல் தடை’ என்பது பாதி உண்மை, அதனால்தான் எடுபடுகிறது. அங்கே அனுமதி பெற்ற போட்டிம் என்ற கோல் ஆப் இருக்கிறது. வளைகுடாவில் ஆள் உள்ள வீடுகளில் அதைத் தெரியாதவர்கள் குறைவு. மாலையில் நமக்கு மஃரிப் பாங்கு கேட்கும் நேரத்தில், போட்டிமில் ஒரு நிமிடம் ஜன்னலைக் காட்டச் சொல்லுங்கள். டுபாய் நம்மைவிட ஒன்றரை மணித்தியாலம் பின்னால். அந்த நேரம் அங்கே வெளிச்சம் இருக்க வேண்டும். இருட்டாக இருந்தால் ஆள் அங்கே இல்லை. வெளிச்சம் இருப்பதால் மட்டும் அவர் சொல்வதெல்லாம் உண்மையாகிவிடாது, அதையும் நினைவில் வையுங்கள்.

ஆனால் பெரிய தடயம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. டுபாயில் கட்டவேண்டிய தண்டப்பணம் எதற்காக இலங்கையில் யாரோ ஒருவருடைய கணக்குக்குப் போகிறது? இலங்கை வங்கிக் கணக்கு அடையாள அட்டை காட்டித் திறந்தது. கணக்குக்காரர் வேறொருவரின் கைப்பாவையாகவும் இருக்கலாம், ஆனாலும் பெயரும் முகவரியும் உள்ள ஆள். ஐ.பி.யைவிட நூறு மடங்கு உறுதியான நூல் அது. இன்றைக்கே வங்கிக்குச் சொல்லுங்கள், ஸ்லிப்பைப் பத்திரப்படுத்துங்கள், சாட்டை அழிக்க வேண்டாம் என்று தங்கச்சியிடம் சொல்லுங்கள். பிறகு பொலிஸில் முறைப்பாடு. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101க்கு எடுக்கலாம். ஐ.பி. முகவரிக்குப் பெறுமதி வருவது அந்தக் கட்டத்தில்தான். எந்த நாள், எந்த மணி, எந்த வினாடி என்ற விவரத்தோடு, சட்டப்படி கேட்கும்போது, எந்த இணைப்பு என்று கம்பனி தன் பதிவேட்டைப் பார்த்துச் சொல்லும். உங்களுக்கும் எனக்கும் சொல்லாது.

மருதமுனை என்கிறாரே, எந்தப் பள்ளிவாசல் ஜமாஅத், வாப்பாவின் பெயர் என்ன என்று கேட்டீர்களா? மாவடிப்பள்ளிக்கும் மருதமுனைக்கும் இடையில் அப்படி என்ன பெரிய தூரம்! மாப்பிள்ளை பார்க்கும்போது நாம் எப்போதும் செய்கிற விசாரணைதானே. பதில் சொல்லாமல் நழுவினால் மிச்சத்தை நீங்களே ஊகிக்கலாம்.

தங்கச்சிக்குத் தெரியாமல் அவளுடைய போனைத் திறந்து பார்க்க நினைக்காதீர்கள். அனுமதியில்லாமல் நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி குற்றம். அதைவிட, இப்போது அவள் உங்களிடம் பேசுவதுதான் முக்கியம். ஏசாமல் கேளுங்கள். அவர் படம் ஏதும் வாங்கி வைத்து மிரட்டுகிறாரா என்பதையும் கேளுங்கள். அப்படியிருந்தால் ஒரு சதமும் கூட அனுப்ப வேண்டாம், முறைப்பாட்டில் அதையும் சேருங்கள்.

யூடியூபில் பார்த்த அந்த ஆப்புக்குக் காசு கட்ட வேண்டாம். ஏற்கெனவே போனில் ஏற்றியிருந்தால் நீக்கிவிட்டு, வங்கி, பேஸ்புக் கடவுச்சொற்களை வேறொரு போனிலிருந்து மாற்றிவிடுங்கள்.