நூறு கிரெடிட்டும் ஒரு கலமும்
‘எலைட்’ விண்வெளி விளையாட்டில் வணிகமும் போரும்: தொடங்குவோருக்குச் சில குறிப்புகள்

கணினி விளையாட்டு என்றவுடன் பெற்றோர் முகம் சுழிப்பதும் பிள்ளைகள் முகம் மலர்வதும் எல்லா வீடுகளிலும் உள்ளதுதான். இக்கட்டுரை இரு சாராருக்கும் உரியது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் வெளிவந்து இன்றும் விளையாடப்படும் ‘எலைட்’ என்ற விண்வெளி விளையாட்டைப் புதிதாகத் தொடங்கும் ஒருவர் எப்படி வியாபாரம் செய்வது, எப்போது சண்டையிடுவது, எப்போது விலகிப் போவது என்பதே இதன் பொருள். உயர்தர வகுப்பில் கணக்கீடு படிக்கும் எனக்கு இந்த விளையாட்டுப் பிடித்துப்போனதற்குக் காரணம் ஒன்றுதான். இதில் லேசரை விடக் கொப்பியும் பென்சிலும் அதிகம் பயன்படும்.

முதலில் வரலாறு கொஞ்சம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர்களாக இருந்த டேவிட் பிரேபன், இயன் பெல் என்ற இருவர் எழுதிய இவ்விளையாட்டை 1984ஆம் ஆண்டு ஏகோர்ன்சொஃப்ட் நிறுவனம் பிரித்தானியாவில் வெளியிட்டது. அது ஓடிய ‘பி.பி.சி. மைக்ரோ’ என்ற கணினியின் மொத்த நினைவகமே 32 கிலோபைட்தான். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு படத்துக்குக்கூட அது போதாது. அந்தச் சிறிய இடத்துக்குள் 8 பால்வெளி மண்டலங்களும், ஒவ்வொன்றிலும் 256 உலகங்களுமாக 2048 உலகங்கள் அடங்கின. எப்படி? அவற்றின் பெயரையோ பொருளாதாரத்தையோ ஆட்சிமுறையையோ அவர்கள் எங்கும் சேமித்து வைக்கவில்லை. சில தொடக்க எண்களை மட்டும் வைத்துக்கொண்டு, அவற்றைத் திரும்பத் திரும்பக் கூட்டி, தேவைப்படும்போது தேவைப்படும் உலகத்தைக் கணக்கிட்டு எடுத்தார்கள். தொடக்க எண் மாறாதபடியால் விடையும் மாறாது. ஒருமுறை கண்ட உலகம் மறுமுறை போனாலும் அதே பெயரோடு அதே இடத்தில் இருக்கும். தகவல் தொழில்நுட்பம் படிக்கும் தோழியர் இதை ஒருமுறை சிந்தித்துப் பார்க்க வேண்டும்.

அக்காலத்து விளையாட்டுகளில் வழக்கமாக மூன்று உயிர்களும் ஏறிக்கொண்டே போகும் புள்ளிகளும் இருந்தன. எலைட்டில் இரண்டும் இல்லை. கையில் பணம் இருக்கும், கலம் இருக்கும், பெயருக்குப் பக்கத்தில் ஒரு தரம் இருக்கும். ‘தீங்கற்றவர்’ என்ற தரத்தில் தொடங்கி, 6400 எதிரிக் கலங்களை வீழ்த்திய பிறகே ‘எலைட்’ என்ற கடைசித் தரம் கிடைக்கும். இன்று விளையாட விரும்புவோருக்கு ‘ஊலைட்’ என்ற பெயரில் இதன் வழிவந்த இலவச மென்பொருள் உண்டு. அதில் சில விபரங்கள் மாறியிருக்கும். கீழே நான் தரும் எண்கள் மூல விளையாட்டுக்கு உரியவை.

லாவே என்ற உலகத்தைச் சுற்றும் நிலையத்தில் ஆட்டம் தொடங்கும். உங்களிடம் ‘கோப்ரா மார்க் 3’ என்ற கலம். முன்பக்கம் ஒரு சாதாரண லேசர், மூன்று ஏவுகணைகள், 20 தொன் கொள்ளும் சரக்கறை, 7 ஒளியாண்டு தூரம் போகக்கூடிய எரிபொருள். முதல் 100 கிரெடிட். அவ்வளவுதான். இந்த நூறை எப்படி ஆயிரமாக்குவது என்பதே முதல் நாட்களின் முழுக் கேள்வியும்.

சந்தைப் பக்கத்தைத் திறந்தால் 17 வகைப் பொருட்களின் விலைகள் தெரியும். ஆனால் நீங்கள் நிற்கும் உலகத்தின் விலைகள் மட்டுமே தெரியும். போகப்போகும் உலகத்தின் விலையை விளையாட்டு முன்கூட்டிச் சொல்லாது. அது சொல்வது அந்த உலகம் விவசாய உலகமா கைத்தொழில் உலகமா, செல்வமுள்ளதா வறியதா என்பதைத்தான். மீதியை நாம் ஊகிக்க வேண்டும். கேள்வியும் நிரம்பலும் பற்றி வகுப்பில் படித்தவருக்கு இது கடினமல்ல. விவசாய உலகில் உணவும் துணியும் உரோமத் தோலும் மலிவு. கைத்தொழில் உலகில் கணினியும் இயந்திரமும் ஆடம்பரப் பொருளும் மலிவு. இங்கே மலிந்ததை அங்கே கொண்டுபோய், அங்கே மலிந்ததை இங்கே கொண்டுவர வேண்டும்.

லாவே ஒரு விவசாய உலகம். அங்கே ஒரு தொன் உணவு 4 கிரெடிட் அளவில் கிடைக்கும். 15 தொன் வாங்கினால் 60 கிரெடிட். பக்கத்திலுள்ள லீஸ்தி கைத்தொழில் உலகம். அங்கே அதே உணவு 6 கிரெடிட்டுக்குச் சற்று மேலே விற்கும். மொத்த இலாபம் 30 கிரெடிட்டுக்குச் சற்று அதிகம். இங்கேதான் புதியவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். எரிபொருள் இலவசமல்ல. ஒரு ஒளியாண்டுக்கு 2 கிரெடிட், முழுத் தாங்கி 14 கிரெடிட். நான்கு ஒளியாண்டுப் பயணத்துக்கு 8 கிரெடிட் கழித்தால், தேறிய இலாபம் 25 கிரெடிட் அளவில் வந்து நிற்கும். அற்பமாகத் தோன்றலாம். நூறு ரூபா முதலுக்கு ஒரே பயணத்தில் இருபத்தைந்து ரூபா தரும் கடை எங்கள் ஊரில் எதுவும் இல்லை.

பணம் கொஞ்சம் சேர்ந்ததும் உணவை விட்டுக் கணினிக்கு மாற வேண்டும். லீஸ்தியில் ஒரு தொன் கணினி 70 கிரெடிட்டைச் சற்றுத் தாண்டும். விவசாய உலகமான டிசோவில் 90ஐத் தாண்டும். ஒரு தொன்னுக்கு 20 கிரெடிட் அளவு வித்தியாசம். 20 தொன்னும் நிரம்பினால் ஒரே பயணத்தில் 400. திரும்பி வரும்போது வெறுங்கலமாக வராமல் டிசோவிலிருந்து உரோமத் தோல் ஏற்றி வரலாம். மதுவகைகளும் விவசாய உலகில் மலிவுதான், விளையாட்டின் சட்டத்தில் அவற்றுக்குத் தடையும் இல்லை. நான் ஏற்றுவதில்லை. கணக்குப் பார்த்தாலும் ஒரு தொன்னுக்கு உரோமத் தோல் தரும் இலாபமே பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். தங்கம், பிளாட்டினம், இரத்தினம் ஆகியவை கிலோவிலும் கிராமிலும் விற்கப்படுவதால் சரக்கறையில் இடம் பிடிப்பதில்லை. மிஞ்சிய சில்லறைக்கு அவற்றை வாங்கிப் போடலாம்.

லீஸ்தியும் டிசோவும் நல்ல இணை என்று பழைய ஆட்டக்காரர்கள் சொல்வதற்கு விலை மட்டும் காரணமல்ல. ஒவ்வொரு உலகத்துக்கும் எட்டு ஆட்சிமுறைகளில் ஒன்று உண்டு. அராஜகம், நிலப்பிரபுத்துவம் என்று ஆபத்தான முனையில் தொடங்கி, ஜனநாயகம், நிறுவன ஆட்சி என்று பாதுகாப்பான முனையில் முடியும். டிசோ ஜனநாயகம், லீஸ்தி நிறுவன ஆட்சி. இரண்டிலும் கொள்ளையர் குறைவு. லாவேக்கு அண்மையிலுள்ள ரீட்குவாட் அராஜக உலகம். அங்கே போகும் புதியவர் பெரும்பாலும் நிலையத்தைக் கண்ணால் காண்பதில்லை. ஆகவே இலாபம் எழுதும் கொப்பியில் ஆட்சிமுறைக்கும் ஒரு நிரல் போடுங்கள். உலகம், ஆட்சி, கொள்விலை, விற்ற விலை, எரிபொருள், தேறிய இலாபம் என்று நான் கோடு போட்டு வைத்திருந்த கொப்பியை வாப்பா ஒருநாள் புரட்டிவிட்டு, டியூஷன் வீட்டுப்பாடம் என்று எண்ணித் திரும்ப வைத்துவிட்டார்!

சந்தைப் பட்டியலில் மூன்று பெயர்கள் மற்றவற்றோடு மற்றவையாகக் கிடக்கும்: அடிமைகள், போதைப்பொருள், துப்பாக்கிகள். மூன்றும் தடைசெய்யப்பட்டவை. ஆனால் வாங்க விடாமல் யாரும் மறிக்க மாட்டார்கள். எச்சரிக்கைப் பலகையும் வராது. வாங்கிக்கொண்டு நிலையத்தை விட்டுப் புறப்படும்போதுதான் கணக்கு எழுதப்படும். ‘சுத்தமானவர்’ என்றிருந்த உங்கள் நிலை ‘குற்றமிழைத்தவர்’ என்றாகும், மிஞ்சினால் ‘தேடப்படுபவர்’ என்றாகும். அதன் பிறகு ‘வைப்பர்’ என்ற பொலிஸ் கலங்கள் உங்களைக் கண்டால் சுடும். அதுவரை உங்களுக்கு அரணாக இருந்த பாதுகாப்பான உலகங்களே ஆபத்தான இடங்களாகிவிடும். அந்தச் செலவை எந்த நிரலில் எழுதுவது? மனிதர்களைத் தொன் கணக்கில் விலை போட்டுக் காட்டும் அந்த வரியைப் பார்த்து என் தங்கை, “இதெல்லாம் ஏன் வெச்சிருக்காங்க?” என்று கேட்டாள். அந்த வரி இருப்பதனால்தான் அதை வாங்காமல் விடுவதற்கும் ஒரு பொருள் இருக்கிறது என்பது என் எண்ணம். உம்மா இதை ஏற்றுக்கொள்ளவில்லை. பெற்றோர் தம் பிள்ளைகளோடு பேசித் தீர்மானிக்க வேண்டிய இடம் இது.

இனிப் போர். எலைட்டில் கலம் காரைப்போல இடம் வலமாகத் திரும்பாது. பக்கவாட்டில் உருளும், மூக்கை மேலே தூக்கும், கீழே இறக்கும். வலப்பக்கம் இருக்கும் எதிரியைப் பிடிக்க வேண்டுமானால், அவன் தலைக்கு மேலே வரும்வரை உருண்டு, பிறகு மூக்கைத் தூக்க வேண்டும். இது கைக்குப் பழக ஒரு வாரம் பிடிக்கும். நிலையத்துக்கு அருகே யாரும் இல்லாத இடத்தில் இதைமட்டும் பழகுங்கள். வேகத்தைக் குறைத்தால் குறுகிய வட்டத்தில் திரும்பலாம் என்பதையும் அப்போதே கண்டுகொள்வீர்கள்.

திரையின் அடியில் முட்டை வடிவில் இருப்பது ஸ்கேனர். நடுவில் இருப்பது நீங்கள். சுற்றியுள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு சிறு தண்டு இருக்கும். தண்டு மேலே எழுந்தால் அவன் உங்களுக்கு மேலே, கீழே தொங்கினால் கீழே. சன்னலை விட்டு ஸ்கேனரைப் பார்க்கப் பழகியவர் பாதி வென்றவர்.

லேசர் விசையை அழுத்திப் பிடித்தபடியே இருக்கக் கூடாது. லேசர் சூடேறும், அளவு மிஞ்சினால் நின்றுவிடும். குறுக்குக் கோட்டுக்குள் எதிரி வரும்போது மட்டும் சுடுங்கள். கேடயம் முன்னே ஒன்று, பின்னே ஒன்று என இரண்டு உண்டு. முன்கேடயம் தேய்ந்துவிட்டால் திரும்பி ஓடுவதில் வெட்கமில்லை, பின்கேடயம் முழுதாக இருக்கும். திரும்பவும் பாயுமளவு எரிபொருள் தாங்கியில் இருந்தால் வேறு உலகத்துக்கே போய்விடலாம். இதற்காகவே தாங்கியை ஒருபோதும் பாதியில் விடாதீர்கள்.

சுடுவதற்கு முன் ஒரு கணக்கு. ‘சைட்வைண்டர்’ என்ற சிறிய கொள்ளைக் கலத்தை வீழ்த்தினால் 5 கிரெடிட் சன்மானம். ஒரு ஏவுகணையின் விலை 30 கிரெடிட். ஏவுகணையால் அதை வீழ்த்துபவர் 25 கிரெடிட் நட்டத்தில் வெற்றிவாகை சூடுகிறார். தங்கை விளையாடும்போது பக்கத்தில் இருந்த எனக்கு இது நல்ல உதாரணமாகக் கிடைத்தது.

“ராத்தா, அவன் ஓடப் பாக்கிறான். துரத்தவா?”

“உன்ட சரக்கறையில என்ன இருக்கு?”

“கம்பியூட்டர் ஆறு தொன்.”

“அது எவ்வளவு வரும்?”

“டிசோவுல ஐந்நூறுக்கு மேல.”

“அவனைச் சுட்டா?”

“அஞ்சு.” கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு நிலையத்தை நோக்கித் திருப்பினாள்.

ஆனால் எப்போதும் ஓடிக்கொண்டும் இருக்க முடியாது. சரக்குக் கூடினால் இழப்பும் கூடும். காவலுக்குச் செலவழிக்கத்தான் வேண்டும். எதை முதலில் வாங்குவது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. நான் சொல்வது இது: பாதுகாப்பான பாதையிலேயே இருப்பீர்களானால் 400 கிரெடிட்டுக்குச் சரக்கறையை 35 தொன்னாகப் பெருப்பிப்பது முதல் வேலை. அந்த மேலதிக 15 தொன் மற்றவற்றுக்கு வேண்டிய பணத்தைத் தானே ஈட்டித் தரும். அடுத்து 600 கிரெடிட்டுக்கு ஈ.சி.எம். என்ற கருவி. உங்களை நோக்கி வரும் ஏவுகணையை ஒரு விசையில் வெடிக்கச் செய்யும். அதன் பின்னரே 1000 கிரெடிட்டுக்குப் பலமான லேசர். பலர் லேசரில்தான் தொடங்குகிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும், சுமக்கச் சரக்கு வாங்கப் பணம் இராது. எல்லா உலகிலும் எல்லாக் கருவியும் விற்பதில்லை. விலை கூடியவற்றுக்குத் தொழில்நுட்பம் வளர்ந்த உலகத்தைத் தேடிப் போக வேண்டும்.

நிலையத்துக்கு அருகே சண்டை வேண்டாம். குறிதவறிய ஒரு கதிர் நிலையத்தில் பட்டாலும் பொலிஸ் புறப்பட்டு வரும்.

கொள்ளையரிடம் தப்பியவர்களில் பலர் கடைசியில் நிலையத்தின் வாசலில் மோதித்தான் அழிகிறார்கள். நிலையம் சுழன்றுகொண்டே இருக்கும். அதன் நீள்சதுர வாசல் எப்போதும் கோளைப் பார்த்தபடி இருக்கும். நேரே நிலையத்தை நோக்கிப் போகாமல், முதலில் கோளுக்கும் நிலையத்துக்கும் இடைப்பட்ட இடத்துக்குப் போங்கள். அங்கே திரும்பி வாசலை நடுவில் வையுங்கள். வேகத்தை நன்றாகக் குறைத்து, வாசல் சுழலும் வேகத்துக்கே கலத்தையும் உருட்டியபடி உள்ளே செல்லுங்கள். 1500 கிரெடிட் கொடுத்தால் இதைத் தானாகச் செய்யும் கருவி கிடைக்கும். அதுவரை கையால்தான்.

பெற்றோருக்கு ஒரு தகவல். ஆட்டத்தைச் சேமிக்கக்கூடிய இடம் நிலையம் மட்டுமே. பாதி வழியில் “இப்பவே மூடு” என்றால் அந்தப் பயணம் முழுவதும் வீண், பிள்ளையும் சிணுங்கும். நிமிடக் கணக்கை விட்டு, “இரண்டு பயணம்” என்று பேசிக்கொள்வது இரு தரப்புக்கும் இலகு. பிள்ளைகளே, உள்ளே நுழைந்தவுடன் முதலில் சேமியுங்கள். விலைப்பட்டியலை அதற்குப் பிறகு திறக்கலாம்.