ஒவ்வாமையுள்ள பிள்ளைக்கு இடைவேளைச் சாப்பாடு

பிள்ளைகளின் இடைவேளைச் சாப்பாட்டைப் பற்றிப் பேசும்போது பெரியவர்கள் முதலில் கேட்பது "சத்தானதா?" என்றுதான். எங்கள் வீட்டில் அதற்கு முன்பு இன்னொரு கேள்வி உண்டு. இரண்டாம் தரத்தில் படிக்கும் என் தம்பிக்கு முட்டையும் கச்சானும் ஒத்துக்கொள்வதில்லை. சுபஹுத் தொழுகைக்குப் பின் அவனுக்குச் சாப்பாடு கட்டுவது இவ்வருடம் முதல் என் பொறுப்பு.

கிருமிகளை எதிர்க்க வேண்டிய நிர்ப்பீடனத் தொகுதி, சிலரில் உணவிலுள்ள புரதத்தையே பகையாகக் கருதி 'ஐஜிஈ' என்னும் பிறபொருளெதிரியை உருவாக்கிவிடுகிறது. அதே உணவு மீண்டும் உள்ளே போனால் ஹிஸ்டமின் வெளிவருகிறது. தோல் தடிக்கும், உதடு வீங்கும், வாந்தி வரும். கடுமையானால் மூச்சுத் திணறும், இரத்த அமுக்கம் வீழும். அந்நிலையில் முதல் மருந்து தொடையின் வெளிப்புறத் தசையில் ஏற்றும் அட்ரினலின்தான். அரிப்புக்குக் கொடுக்கும் மாத்திரை அதற்கு ஈடாகாது. தாமதியாமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

ஆனால் நாங்கள் 'அலர்ஜி' என்று சொல்வதெல்லாம் ஒவ்வாமையல்ல. சூரை, கெலவல்லா போன்ற மீன்களைக் குளிரில் வைக்காமல் விட்டால், பற்றீரியாக்கள் அந்த மீனிலேயே ஹிஸ்டமினை உண்டாக்கிவிடும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. ஒரே மீனைச் சாப்பிட்ட வீட்டார் எல்லோருக்கும் முகம் சிவந்து தடித்தால், குற்றம் அவர்கள் உடம்பிலல்ல, மீனில்.

இனிச் சாப்பாட்டுக்கு வருவோம். கொழும்புப் பிள்ளைகள் விரும்பும் ரோல்ஸும் கட்லட்டும் முட்டையில் தோய்த்து, ரஸ்க் தூளில் புரட்டிப் பொரிப்பவை. கடைப் பணிஸின் மினுக்கத்துக்கும் முட்டை பூசுவார்கள். எங்கள் உம்மா கட்லட்டை முட்டைக்குப் பதிலாகக் கோதுமை மாக் கரைசலில் தோய்க்கிறார். மொறுமொறுப்பில் ஒரு குறையும் இல்லை என்பது என் தீர்ப்பு. கோதுமையே ஆகாத பிள்ளைக்கு அரிசி மா இடியப்பம் பொருந்தும், ஆனால் கடை இடியப்பத்தில் கோதுமை மா கலந்திருக்கலாம், கேட்டு வாங்க வேண்டும். இறால் ஆகாத பிள்ளைக்குக் கூனிச் சம்பலும் ஆகாது, ஏனெனில் கூனியும் இறால் இனமே. மாசியோ மீன். பொதிகளில் 'அல்புமின்' என்று இருந்தால் முட்டையையும், 'கெசீன்', 'வே' என்று இருந்தால் பாலையும் நினைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, முட்டை ரொட்டி சுட்ட கல்லைக் கழுவாமல் தம்பிக்கு ரொட்டி சுட்டால் பட்ட பாடெல்லாம் வீண்.

"கொஞ்சம் கொஞ்சமாகக் கச்சானைக் கொடுத்துப் பழக்கினால் சரியாகிவிடும்" என்பார் உம்மம்மா. அதில் பாதி உண்மை இருக்கிறது. இலண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 640 குழந்தைகளை வைத்து நடத்திய ஆய்வு 2015இல் வெளிவந்தது. ஒவ்வாமை வரும் வாய்ப்பு அதிகமுள்ள குழந்தைகளுக்கு ஒரு வயதுக்கு முன்பே கச்சான் உணவைக் கொடுக்கத் தொடங்கியபோது, பின்னாளில் கச்சான் ஒவ்வாமை பெருமளவு குறைந்தது. ஆனால் அது வருமுன் காப்பதற்கு. ஏற்கெனவே வந்துவிட்ட பிள்ளைக்கு வீட்டில் அப்படிச் செய்து பார்ப்பது உயிரோடு விளையாடுவது. உம்மம்மாவிடம் இதைச் சொல்லி விளங்கவைக்க எனக்கு ஒரு வாரம் சென்றது.

மிகக் கஷ்டமானது பகிர்ந்து உண்பதுதான். கூட இருப்பவருக்குக் கொடுத்துச் சாப்பிடும்படி பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிறோம். வகுப்பில் ஒருவரின் பிறந்தநாளுக்கு கேக் வந்தால், தம்பி மட்டும் கையை நீட்டக் கூடாது. அதனால் அவன் வகுப்பாசிரியையிடம் உம்மா எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்திருக்கிறார். நானும் பிறந்தநாள் என்று தெரிந்தால் இடியப்பத்துக்குள் தேங்காய்ப்பூவும் கித்துள் பாணியும் வைத்து மடித்த லெவேரியாவை நாலைந்து கூடுதலாக வைத்துவிடுவேன். கொடுக்குமுன் "உனக்கு ஏதாவது ஒத்துக்கொள்ளாதா?" என்று கேட்கவும் சொல்லியிருக்கிறேன். அவன் அதை அவ்வளவு கண்டிப்பாகக் கேட்கிறானாம், கூட்டாளிகள் அவனை இப்போது 'டொக்டர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.