கீமோ நேரத்தில் கைமருந்து: லாத்தா சொல்வதைக் கொஞ்சம் கேள்

தங்கச்சி, மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ ஆரம்பித்திருக்கிறது என்று தெரிந்தால் போதும், நம்மூரில் வீடு நிறைந்துவிடும். முடுக்கு வழியாக மாமி கருஞ்சீரக எண்ணெயோடு வருவார். சாச்சி நாட்டு மருந்துக்கடைச் சூரணம் கொண்டுவருவார். ஜித்தாவிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் வருகிறவர்களின் பெட்டியில் கேப்ஸ்யூல் டப்பாக்கள் இருக்கும். எல்லாமே பாசத்தில் வருவது. முகம் சுளிக்காமல் வாங்கி வை. ஆனால், வாயில் போடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடு.

கட்டியைக் கரைக்கும் என்று சொல்லி யாராவது எதையாவது கொடுத்தால் அதை அப்படியே ஒதுக்கிவிடு. 2024 நவம்பரில் முன்னாள் கிரிக்கெட் வீரர் நவ்ஜோத் சிங் சித்து, தன் மனைவி நான்காம் நிலை மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டதற்கு மஞ்சள், வேப்பிலை, எலுமிச்சைத் தண்ணீர் சேர்ந்த உணவுமுறை உதவியது என்று பேசினார். நாடு முழுக்க அந்த வீடியோ பரவியது. மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையில் பணியாற்றுகிற, முன்பு பணியாற்றிய 262 புற்றுநோய் மருத்துவர்கள் கையெழுத்திட்டு, அதற்கு ஆதாரம் இல்லை, இதை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள் என்று அறிக்கை விட்டார்கள். அந்தப் பேச்சை அதோடு விட்டுவிடு.

நான் பேச வந்தது குமட்டல், சோர்வு, உடம்பு திடீரென்று அனலாகக் கொதிப்பது, கதிர்வீச்சில் தோல் கருகுவது போன்ற பக்கவிளைவுகளைப் பற்றி. இவற்றுக்குச் சில மூலிகைகளை ஆராய்ச்சியாளர்கள் முறையாகச் சோதித்திருக்கிறார்கள். சில தேறின, பல தேறவில்லை.

இஞ்சி ஓரளவு தேறியது. 2012இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 576 நோயாளிகள். அவர்களில் பெரும்பாலோர் மார்பகப் புற்றுநோய் வந்த பெண்கள். வழக்கமான வாந்தி மாத்திரையோடு, கீமோவுக்கு மூன்று நாள் முன்பிருந்தே இஞ்சி கேப்ஸ்யூலும் கொடுத்தார்கள். கீமோ ஏற்றிய முதல் நாள் குமட்டல் குறைந்தது. நாளுக்கு அரை கிராமும் ஒரு கிராமும்தான் நன்றாக வேலை செய்தன, அதற்கு மேல் கூட்டியதில் கூடுதல் பலன் இல்லை. அரை கிராம் சுக்குப்பொடி என்றால் கால் டீஸ்பூன் அளவுதான். ஆகவே பிடிப்பிடியாக இஞ்சியை அரைத்துக் குடிக்காதே, நெஞ்செரிச்சல்தான் மிஞ்சும். வாந்தி மாத்திரையை நிறுத்திவிட்டு இஞ்சியை மட்டும் நம்பவும் கூடாது. பிளேட்லெட் குறைந்திருந்தாலோ, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டாலோ டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் இஞ்சி.

மஞ்சள் விஷயத்தில் நம் வீடுகளில் ரொம்பக் கவனம் வேண்டும். மீன் ஆணத்தில் போடுகிற மஞ்சள் பற்றிப் பயமே வேண்டாம். கேப்ஸ்யூலாக வரும் மஞ்சள் சத்து, அதாவது குர்குமின்தான் சிக்கல். டமாக்ஸிஃபென் சாப்பிடும் பெண்களிடம் நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் ஒரு சிறிய ஆய்வு செய்து 2019இல் வெளியிட்டார்கள். 16 பேர்தான். மஞ்சள் சத்தையும் மிளகுச் சத்தையும் சேர்த்துக் கொடுத்தபோது, டமாக்ஸிஃபெனிலிருந்து உடம்பு உண்டாக்கிக்கொள்ளும் முக்கியமான பொருளின் அளவு சுமார் 12 சதவீதம் குறைந்தது. நோய் திரும்பாமல் காக்கும் மாத்திரை டமாக்ஸிஃபென். அதன் பலத்தை நாமே ஏன் குறைக்க வேண்டும்? டப்பாவில் ‘மிளகுச் சத்து சேர்ந்தது, நன்றாக உறிஞ்சும்’ என்று போட்டிருந்தால் அதைத் தனியாக எடுத்து வைத்து டாக்டரிடம் காட்டு.

கதிர்வீச்சில் தோல் கருகாமல் இருக்கக் குர்குமின் கேப்ஸ்யூல் உதவுமா என்றும் பார்த்தார்கள். முதலில் 30 பேரிடம் செய்த ஆய்வு நம்பிக்கை தந்தது. பிறகு 686 பேரிடம் செய்தபோது குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. சிறிய ஆய்வைக் காட்டி யாராவது பேசினால் இதை நினைத்துக்கொள்.

சில சமயம் நிலைமை மோசமாகவும் ஆகும். பாக்லிடாக்சல் மாதிரி மருந்து ஏறும்போது கைகால் மரத்துப்போகிறதே, அதற்காக அசிட்டைல் கார்னிட்டின் என்ற சத்து மாத்திரையை 409 பெண்களிடம் சோதித்தார்கள். 24 வாரம் கழித்து, அதைச் சாப்பிட்டவர்களுக்குத்தான் மரத்துப்போதல் கூடியிருந்தது! வெளிநாட்டுப் பெட்டியில் வரும் டப்பாக்களின் லேபிளைப் பிள்ளைகளை விட்டாவது படிக்கச் சொல்.

உடம்பு அனலடிப்பதற்கு ஆளிவிதையை 188 பெண்களிடம் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு ஆளிவிதை சேர்ந்த தின்பண்டக் கட்டி, பாதிப் பேருக்கு அது இல்லாத கட்டி. இரண்டு பக்கமும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெண்களுக்கு அனல் பாதியாகக் குறைந்தது. ஆளிவிதை சாப்பிடாதவர்களுக்கும் அதே அளவு குறைந்திருக்கிறது, பார்த்தாயா? ‘எனக்குக் கேட்டது’ என்று பக்கத்து வீட்டுப் பெண் சொல்வது பொய்யில்லை. ஆனால், கேட்டது அந்த மருந்தால்தானா என்பது வேறு கேள்வி.

சோர்வுக்கு அமுக்கரா கிழங்கு சொல்வார்கள். மலேசியாவில் 100 பெண்களிடம் செய்த ஆய்வு 2013இல் வந்தது. சோர்வு குறைந்ததாகத்தான் சொல்கிறது. ஆனால் யாருக்கு எது என்று எல்லாருக்கும் தெரிந்தே நடந்த ஆய்வு அது. அமுக்கரா சாப்பிட்டுக் கல்லீரல் கெட்டவர்களும் உண்டு. என்னைக் கேட்டால், சாயங்காலம் நம் கடற்கரையில் முடிந்த அளவு நட. சோர்வுக்கு நடையைவிட நன்றாகச் சோதிக்கப்பட்ட கைமருந்து எதுவும் எனக்குத் தெரியாது.

டாக்டர் சரி என்று சொன்ன பொருளை ஆரம்பிக்கும்போது ஒரே நேரத்தில் இரண்டைச் சேர்க்காதே. ஒரு நோட்டுப் போட்டுக்கொள். ‘கீமோ மறுநாள். காலை சுக்குத் தண்ணீர், கால் டீஸ்பூன். பத்து மணிக்குக் குமட்டல், வாந்தி இல்லை. மதியம் கஞ்சி இறங்கியது’ - இப்படி நாலு வரி எழுது. இஞ்சி இல்லாத நாட்களையும் எழுது. அந்த நோட்டையும் பாட்டில்களையும் பையில் போட்டுக்கொண்டு போய் டாக்டர் மேசையில் வை. ‘திட்டுவாங்க’ என்று மறைப்பதுதான் ஆபத்து. சித்த மருத்துவரைப் பார்ப்பதாக இருந்தால் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மாதிரி இடத்துக்கே போ, கீமோ சீட்டையும் கூடவே கொண்டுபோ. பற்பம், செந்தூரம் போன்றவற்றில் உலோகம் சேரும். ரத்தப் பரிசோதனை இல்லாமல் அவற்றைத் தொடாதே.

கீமோ காலத்தில் 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் நிலவேம்புக் கஷாயம் போட்டுக்கொண்டு உட்காராதே. இரவு இரண்டு மணியானாலும் மருத்துவமனைக்குப் புறப்படு. வெள்ளணு குறைந்த உடம்பில் கிருமி சில மணி நேரத்தில் பரவிவிடும். அதே காரணத்தால், கீழாநெல்லியோ கற்றாழையோ பச்சையாக அரைத்த சாறு எதுவும் அந்த நாட்களில் வேண்டாம்.

‘மூலிகை ஆய்வில் சேருகிறீர்களா’ என்று மருத்துவமனையில் கேட்டால் பயப்படாதே. இந்தியாவில் நடக்கும் மருந்து ஆய்வுகளுக்கு சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேடு உண்டு. பதிவு எண் கேள். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படி. எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினாலும் உன் வழக்கமான சிகிச்சை நிற்காது. ஆய்வால் உடம்புக்குக் கெடுதி வந்தால் யார் செலவு பார்ப்பார்கள் என்று அதில் எழுதியிருக்கிறதா என்று பார். எந்த மருந்து சாப்பிட்டும் வேண்டாத விளைவு வந்தால் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் சொல்லலாம். அந்த எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில், டாக்டரின் எண்ணுக்குக் கீழே எழுதி வை.