முதலாளி புலப்படாத தொழில்களில் சங்கம்

தொழிற்சங்கச் சட்டம் 1926-இல் இயற்றப்பட்டபோது, அதன் கண்முன் நின்றவை ஆலைகளும் இரயில்வேயும் துறைமுகங்களுமே. ஒரே வாயில் வழியே சென்று, ஒரே சங்கொலிக்கு வெளிவரும் தொழிலாளரைத் திரட்டுவது ஓரளவு எளிது. ஐதராபாத்தில் வாடகைக் கார் ஓட்டுபவரையும், வீடுதோறும் உணவு கொண்டு செல்பவரையும் எந்த வாயிலில் நின்று சந்திப்பது? அவர்களுக்கு வேலை பங்கிடுவது கைப்பேசிச் செயலி. நிறுவனங்களோ அவர்களைத் தொழிலாளர் என்று ஏற்காமல் 'பங்குதாரர்' என்கின்றன. இலாபத்தில் பங்கில்லாத விந்தையான பங்குதாரர்!

இச்சிக்கல் புதிதன்று. 1972-இல் அகமதாபாத்தில் இலா பட் தொடங்கிய சேவா அமைப்பு பதிவு கோரியபோது, முதலாளியே இல்லாதவர்களுக்குச் சங்கம் எதற்கு என்று தொழிலாளர் துறை தடை கூறியது. சங்கம் என்பது முதலாளியை எதிர்ப்பதற்கு மட்டுமன்று, உழைப்போரின் ஒற்றுமைக்கும் உரியது என வாதிட்ட பின்னரே பதிவு கிடைத்தது.

தமிழ்நாடு வேறொரு வழி கண்டது. உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் 1982-இல் வந்தது. கட்டடத் தொழிலாளர் சங்கங்களின் இடைவிடாத முயற்சியால் 1994-இல் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் அமைந்தது. மேஸ்திரி மாறினாலும் தொழிலாளியின் வாரியப் பதிவு மாறுவதில்லை.

ஐதராபாத்தின் செயலித் தொழிலாளர் சங்கமும் இத்திசையிலேயே செல்கிறது. ஷேக் சலாவுதீன் இதன் முன்னணித் தலைவர். அவர் பொறுப்பு வகிக்கும் அகில இந்தியக் கூட்டமைப்பு, 2008-ஆம் ஆண்டின் அமைப்புசாராத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் பயனைக் கோரி 2021-இல் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. 2023 டிசம்பரில் தெலங்கானா அரசு ரூ.5 லட்சம் விபத்துக் காப்பீட்டை அறிவித்தது. 2025-இல் பதிவு, நலவாரியம், நிறுவனங்களிடமிருந்து நலக் கட்டணம் ஆகியவற்றைக் கொண்ட வரைவு மசோதா வெளியிடப்பட்டது. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் நிறுவனங்களின் ஆண்டு விற்றுவரவில் 1 முதல் 2 விழுக்காடு வரை பங்களிப்பு கேட்கிறது.

நிர்வாகிகள் இங்கு ஒன்றைக் கருத வேண்டும். கட்டடத் தொழிலில் தீர்வையைத் தட்டிக்கழிப்பது எளிது. செயலியிலோ ஒவ்வொரு பயணமும் கணக்கில் பதிவாகிறது. எனவே வசூல் கடினமன்று. ஆனால் அக்கணக்கு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அதை வாரியத்திடம் ஒப்படைக்கக் கட்டாயப்படுத்தும் விதியே சட்டத்தின் உயிர்நாடி. அன்றியும், நலவாரியம் விபத்துக்கும் நோய்க்கும் உதவலாம். கிலோமீட்டருக்கான கூலியைக் குறைப்பதையோ, ஓட்டுநரின் கணக்கை விளக்கமின்றி முடக்குவதையோ அது தடுப்பதில்லை. கூட்டுப் பேரத்திற்கு உரியவை அவை. அதற்கு எதிரே அமர்ந்து பேச ஒரு முதலாளி இன்னும் தேவைப்படுகிறார்.